மறு: மறு: வெப்பநிலை உணர்திறனா, சூட்டுத்தளம்பலா?

கோப்பாயிலிருந்து:
வெள்ளிக்கிழமை கட்டுரை கொடுக்கவேணும். 300 மீற்றர் துவக்குச் சுடு போட்டி பற்றியது. ரவைக்குள் இருக்கும் வெடிமருந்து சூடேறினால் விரைவாய் எரியும், அமுக்கம் கூடும், சன்னம் (ரவையிலிருந்து பறக்கும் குண்டு) வேகமாய்ப் போகும்; குளிர்ந்தால் மாறி. சில மருந்துகளில் ஒரு செல்சியஸ் பாகைக்குச் செக்கனுக்கு அரை மீற்றர் வித்தியாசம். விடியக் குளிரில் குறி சரிபார்த்துவிட்டு, மத்தியானம் வெயிலில் கிடந்த ரவையைப் போட்டால் 40 பாகை கூடிவிடும். சன்னம் ஏறக்குறைய நான்கு சென்ரிமீற்றர் மேலே போகும். பத்துப் புள்ளி வட்டத்தின் ஆரையே ஐந்துதான்! இந்த இயல்புக்கு ‘வெப்பநிலை உணர்திறன்’ எழுதலாமா?

சென்னையிலிருந்து:
உணர்திறன் சரி. அப்புறம், ‘வேகம்’ அல்ல, ‘திசைவேகம்’. ரவை என்றதும் எனக்கு உப்புமாதான் ஞாபகம் வருகிறது. தோட்டா என்று எழுதுங்களேன்.

மானிப்பாயிலிருந்து:
தோட்டா உருது வழி வந்தது, ஐயா. எங்கள் பாடப்புத்தகத்தில் வேகம் என்றாலே திசையோடுதான், திசையில்லாதது கதி. அமெரிக்க மிசனறி கிறீன் வைத்தியர் இங்கே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த காலத்திலிருந்து சொல் ஆக்கியே பழகியவர்கள் நாங்கள். தம்பி, இது மருந்தின் குறை. குறையைத் திறன் என்பதா? ‘சூட்டுத்தளம்பல்’ போடும். எரிப்பதும் சுடுவதுதான், துவக்கால் அடிப்பதும் சுடுவதுதான், வள்ளுவர் நாவாலும் சுடவைத்தார். ஒரே வேரில் வெப்பமும் வெடியும் இருக்கின்றன. எவ்வளவு அழகாய் வாய்த்திருக்கிறது!

வவுனியாவிலிருந்து:
அண்ணை, அந்த இரட்டைப் பொருள்தான் சிக்கல். சூட்டுத்தளம்பல் என்றால் சுடுகிறவருக்குக் கை நடுங்குகிறது என்றுதான் என் மாணவர் எழுதுவார்கள். ‘வெப்பநிலைக் குணகம்’?

கோப்பாயிலிருந்து:
குணகம் அந்த அரை மீற்றருக்குப் பொருந்தும், அக்கா. இயல்புக்குப் பொருந்தாது. சூடான காற்று ஐதாகி, இழுவை குறைந்து சன்னம் மேலே போவது வேறு விஷயம். அதையும் இந்தச் சொல்லுக்குள் அடக்கக்கூடாது.

சென்னையிலிருந்து:
அப்படியானால் ‘மருந்தின் வெப்பநிலை உணர்திறன்’. நீளம்தான், ஆனால் யாருக்கும் புரியும்.

வவுனியாவிலிருந்து:
எனக்கும் சரி. ரவையை மட்டும் மாற்றவேண்டாம்.

கோப்பாயிலிருந்து:
அதையே போட்டு அனுப்பிவிட்டேன். ரவை ரவையாகவே இருக்கிறது.

மானிப்பாயிலிருந்து:
அனுப்பினது அனுப்பினதுதான். அடிக்குறிப்பில் என்றாலும் சூட்டுத்தளம்பலைப் போட்டிருக்கலாம். ‘சூடு’ பற்றி இன்னும் நாலு விஷயம் இருக்கிறது, இரவைக்கு எழுதுகிறேன்.