முன் ஸ்பிரிங் பிராக்கெட்டில் துரு: மலை ரூட் பஸ்களில் பார்த்ததைச் சொல்லுங்க

குன்னூர் பட்டறை

எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று சோதனைக்கு) தயாராக வந்த பழைய டூரிஸ்ட் பஸ். வலது முன் ஸ்பிரிங்கை சேஸோட (வண்டியோட அடிச்சட்டம்) பிடிக்கிற பிராக்கெட், ஷேக்கிள் (ஸ்பிரிங் நீள இடம் கொடுக்கிற ஆடும் இணைப்பு) இல்லாத பக்கத்தது. மேலே புதுக் கருப்பு பெயிண்ட், குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஒரு ரிவெட் தலைக்குக் கீழே மட்டும் கஷாயம் வழிஞ்ச மாதிரி பழுப்புக் கோடு. சுத்தியலால ஒரு தட்டு, தலை தெறிச்சு வண்டிக்கு அடியில் இருந்த குழிக்குள்ள விழுந்தது. தண்டு துளைக்குள்ளேயே நிக்குது, பாதியா இளைச்சு. அதே வண்டி முந்தின நாள் ஆள் ஏத்திக்கிட்டு பர்லியார் வழியா இறங்கினது. அதுதான் இன்னும் உறுத்துது.

பிராக்கெட்டைக் கழட்டினா சேஸுக்கும் அதுக்கும் நடுவில் அடுக்கடுக்கா துரு. இரும்பு துருவானா பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம் பிராக்கெட்டை வெளியே தள்ளும், ரிவெட் இழுபடும், அப்புறம் ஆட்டம். பிரேக் போட்டால் அச்சோட மொத்தத் தள்ளலும் இந்த ஷேக்கிள் இல்லாத முனையில்தான் விழும். வெளியே கிரைண்டர் ஓட்டி பெயிண்ட் அடிச்சா உள்ளே ஒண்ணும் மாறாது. கழட்டித்தான் ஆகணும்.

கூடலூர்_டீசல்

நம்ம பக்கம் ரோட்டில் உப்பு கிடையாது, பிறகு ஏன் இவ்வளவு துரு என்று கேட்பவர்கள் பிராக்கெட்டின் மேல் பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். தேவாலா ரூட் வண்டி ஒன்றில் அங்கே செம்மண்ணும் இலைச் சருகும் ஒரு பிடி இருந்தது. மே மாதத்திலும் ஈரம். தென்மேற்கு மழையில் நனைந்த மண் காயவே இல்லை. அதைத் தோண்டிய ஸ்க்ரூடிரைவர் லாங் மெம்பரின் (சேஸின் நீளவாட்டுச் சட்டம்) மேல் ஃபிளேஞ்சுக்குள் (மடிந்த விளிம்பு) இறங்கிவிட்டது.

கடலோரத்தில் ஓடிய வண்டியை வாங்கி மலைக்குக் கொண்டுவந்தால் இன்னும் மோசம். இடுக்கில் உப்பு தங்கியிருக்கும். நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவைக்காமல் பெயிண்ட் அடித்தால் கொப்புளம் நிச்சயம்.

வத்தலக்குண்டு லைன்

கொடைக்கானல் வண்டி. பிரேக் அடிச்சா இடது பக்கம் இழுக்குது. லைனிங் மாத்தியாச்சு, அலைன்மென்ட் பார்த்தாச்சு, இழுப்பு போகலை. கடைசியில் குண்டு நூல் விட்டு நாலு சக்கர மையத்தையும் தரையில் குறிச்சு அளந்தா, ஒரு பக்கம் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையத்துக்கு நடுவில் உள்ள தூரம்) 11 மி.மீ. குறைவு. பிராக்கெட் துளைகள் முட்டை வடிவமாயிடுச்சு, ஒரு துளையிலிருந்து கீழ் ஃபிளேஞ்சு நோக்கி விரிசல். குண்டு நூலுக்கு ஆகிற செலவு ஒரு டீக்காசு. அதை ஏன் கடைசியில் பார்க்கிறோம்னு தெரியலை.

சேஸ்_மேட்டுப்பாளையம்

குன்னூர் நண்பர் "கழட்டித்தான் ஆகணும்" என்று நிறுத்திவிட்டார். எப்படிக் கழட்டுவது என்பதில்தான் பாதி வண்டி கெடுகிறது. கேஸ் கட்டிங் வேண்டவே வேண்டாம். சூடு பட்ட இடத்தில் சேஸ் இரும்பின் பலம் போகும், அடுத்த விரிசல் அங்கிருந்தே கிளம்பும்.

முதலில் சமதளம், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. சேஸை இரும்புக் குதிரையில் (ஸ்டாண்டில்) நிறுத்துங்கள், அச்சைத் தனியாக ஜாக்கியில் தாங்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஸ்பிரிங் பின்னைத் தட்டாதீர்கள். ரிவெட் தலையை கிரைண்டரில் சீவி, நடுவில் பஞ்ச் வைத்து, தண்டை விடச் சிறிய டிரில் பிட்டால் துளைத்து, பிறகு தட்டி எடுங்கள்.

சுத்தமான இரும்பு தெரியும் வரை சுரண்டிவிட்டுத் தடிமன் பாருங்கள். துரு படாத இடத்தில் ஓர் அளவு, துருப்பட்ட இடத்தில் நாலைந்து அளவு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் பெயிண்ட் வேலை இல்லை, பிளேட் வேலை.

விரிசல் இருந்தால் அதன் நுனியில் 6 மி.மீ. துளை போட்டு நிறுத்தி, வி வடிவில் தோண்டி, 7018 வெல்டிங் ராடால் நிரப்பித் தேய்த்துச் சமமாக்குங்கள். மலைக் காற்றில் பிரித்து வைத்த ராட் பாக்கெட் ஈரம் குடித்திருக்கும். 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரமாவது காயவைக்காமல் போட்டால் வெல்டுக்குள்ளேயே வெடிப்பு. பேட்டரி இரண்டு முனையும், ஆல்டர்னேட்டர், இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) கனெக்டர் எல்லாம் கழன்றிருக்கணும். எர்த் கிளாம்ப் வெல்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) வழியாக கரண்ட் போனால் பேரிங் போச்சு.

மேலே போடும் பிளேட் சேஸை விடத் தடிமனாக வேண்டாம். முனைகளைச் சரிவாக வெட்டுங்கள். நேர்க்கோட்டில் முடிந்தால் பாரம் அங்கே தேங்கிப் புது விரிசல் வரும். ஃபிளேஞ்சு ஓரத்தில் வெல்டு கூடாது, போல்ட்தான். ரீமர் ஓட்டி அளவாக்கிய துளை, எம்16 (16 மி.மீ.) போல்ட், பலம் கூடிய 10.9 கிரேடு, புது நட்டு. ஸ்பிரிங் வாஷர் வேண்டாம், தடித்த கடின வாஷர் போதும்.

கோத்தகிரி பழசு

இவ்வளவும் எதுக்கு? மாசம் ஒரு தரம் கழிவு ஆயில் ஸ்பிரே அடிச்சா துரு கிட்டயே வராது. தேயிலை ஃபேக்டரி லாரி எல்லாம் அப்படித்தான் ஓடுது.

கூடலூர்_டீசல்

வரும். இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ஏற்கெனவே ஈரம் இருந்தால் ஆயில் அதை உள்ளேயே மூடி வைக்கும். ஸ்பிரிங் முனையில் உள்ள ரப்பர் புஷ் ஊதிப் போகும், பிரேக் டிரம் பக்கம் தெறிக்கும், மண் கெட்டியாக ஒட்டி விரிசலை மறைக்கும். லாரியில் புஷ் எத்தனை தரம் மாற்றினார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.

கோத்தகிரி பழசு

புஷ் விஷயம் சரி. மத்தது ஒத்துக்க மாட்டேன்.

ஊட்டி பெயின்டர்

வெல்டிங் பத்தி எல்லாரும் சொல்லிட்டீங்க, பெயிண்டில்தான் மறுபடி மாட்டுவீங்க. காலையில் சேஸைத் தொட்டா கை ஈரமாகும், அப்போ பிரைமர் அடிக்காதீங்க. பனி படியற சூட்டை விட இரும்போட சூடு 3 டிகிரியாவது கூட இருக்கணும். பத்து டிகிரிக்குக் கீழே எபாக்ஸி சரியா இறுகாது. டிசம்பர், ஜனவரியில் ஹாலஜன் லைட் வெச்சு இரும்பைச் சூடாக்கிட்டு மதியம் அடிங்க.

ஜிங்க் பிரைமர்னா வெறும் இரும்பு மேல. ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை மாத்திப் படலமாக்குற மருந்து) தடவிட்டு அதுக்கு மேல ஜிங்க் அடிச்சா ஜிங்க் இரும்பைத் தொடவே தொடாது, காசு வீண். பிராக்கெட் உட்காரும் இரண்டு முகத்திலும் மெல்லிசா ஒரு கோட் போதும். தடியா அடிச்சா பெயிண்ட் நசுங்கி போல்ட் இறுக்கம் தளரும். இறுக்கின பிறகு மேல் விளிம்புக்கும் பக்கத்துக்கும் சீலன்ட், கீழ் விளிம்பைத் திறந்தே விடுங்க, தண்ணி இறங்கணும்.

வத்தலக்குண்டு லைன்

ஸ்பிரிங்கை அச்சோட பிடிக்கிற யு போல்ட்டை மறுபடி எப்போ இறுக்குறது?

சேஸ்_மேட்டுப்பாளையம்

500 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தரம், வண்டி பாரத்தோடு தரையில் நிற்கும்போது, டார்க் ரெஞ்சு (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து. பிராக்கெட் போல்ட்டையும் அதே நேரத்தில் பாருங்கள். ஒவ்வொரு நட்டிலும் பெயிண்ட் கோடு போட்டுவிட்டால், அடுத்த சர்வீஸில் நகர்ந்ததா என்று கண்ணாலேயே தெரியும்.