லைட்வெயிட் லினக்ஸ் – 'சிக்கன லினக்ஸ்'னு வைக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம்,

பழைய லேப்டாப்புல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடறதுக்கு நாம எழுதிட்டிருக்கற கையேட்டுல 'லைட்வெயிட்'க்கு, அதாவது கம்மி ராம், பழைய ப்ராசசர்லயும் ஓடற மென்பொருளுக்கு, ஆளுக்கொரு சொல் போட்டிருக்கோம். எடை குறைந்த, இலகுரக, எளிய, மெல்லிய, நாலும் வருது. இப்பவே ஒண்ணை முடிவு பண்ணிடணும். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிஞ்சிடுச்சு, 11 போடலாம்னா டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதியைக் கேக்குது, பழைய ப்ராசசரை ஏத்துக்கறதும் இல்ல. 2011லேர்ந்து தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் குடுத்த லேப்டாப்பெல்லாம் இன்னும் பல வீட்டு பீரோவுல கிடக்கு, அதை எடுத்து ஓட வைக்கணும்னு நினைக்கறவங்க நம்மகிட்ட முதல்ல பாக்கப்போற சொல்லே இதுதான்.

'இலகுரக'வுக்கு ஆதரவு அதிகம்னு தெரியும், இலகுரக வாகனம் கனரக வாகனம்னு ஏற்கெனவே பழகின சொல்தான். ஆனா இலங்கைல 'இலகு'ன்னா சுலபம்னுதான் முதல்ல எடுத்துக்குவாங்க. டைனி கோர்ங்கற லினக்ஸ் வகை 30 எம்பிக்குள்ள அடங்கிடும், ஆனா புதுசா வர்றவங்களுக்கு அது கொஞ்சமும் சுலபம் இல்ல, வைஃபை வேலை செய்யறதுக்கே தனியா பேக்கேஜ் தேடிப் போடணும். ஆன்டிஎக்ஸ்ங்கற இன்னொரு வகையும் அப்படித்தான், முழு டெஸ்க்டாப் இல்லாம ஐஸ்டபிள்யூஎம் மாதிரி ஜன்னல்களை மட்டும் கவனிக்கற வெறும் விண்டோ மேனேஜரை வெச்சு ரொம்பக் கம்மி ராம்ல நல்லாவே ஓடும், ஆனா விண்டோஸ்லேர்ந்து நேரா வர்றவங்களுக்குப் பழக நாளாகும். இதையெல்லாம் 'இலகு', 'எளிய'ன்னு சொன்னா படிக்கறவங்களை ஏமாத்தற மாதிரி ஆயிடும்.

'சிறு' போடலாமேன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. அது டிஸ்க்குல எவ்ளோ இடம்ங்கறதைத்தான் சொல்லுது. லுபுண்டுங்கற வகையோட 24.04 பதிப்பை நிறுவற ஐஎஸ்ஓ ஃபைல் 3 ஜிபி கிட்ட வருது, அப்படியும் அது லைட்வெயிட்தான், ஏன்னா க்னோம்ங்கற கனமான டெஸ்க்டாப்புக்குப் பதிலா எல்எக்ஸ்க்யூடிங்கற டெஸ்க்டாப் இருக்கறதால ராமைக் கம்மியா எடுக்குது. 'மெல்லிய'ங்கறது தின் கிளையண்ட்டோட, அதாவது வேலையெல்லாம் சர்வர்ல நடக்கற சின்னக் கணினியோட, குழம்பும். 'குறை'ன்னு ஆரம்பிக்கற எதுவுமே வேணாம், குறைபாடுன்னு கேக்குது.

என்னோட பரிந்துரை 'சிக்கன'. சிக்கன வழங்கல் (டிஸ்ட்ரிப்யூஷன், லுபுண்டு மாதிரி ஒரு லினக்ஸ் வகை), சிக்கனப் பணிமேடை (டெஸ்க்டாப்), சிக்கன உலாவி (பிரவுசர்).

இருக்கற ராமையும் ப்ராசசரையும் வீணாக்காம முழு வேலையும் வாங்கறது, இந்த மென்பொருளெல்லாம் செய்யறது அதைத்தான். எரிபொருள் சிக்கனம், மின் சிக்கனம்னு சொல்றப்போ வண்டி ஓடக்கூடாது, லைட் எரியக்கூடாதுன்னு யாரும் புரிஞ்சுக்கறதில்ல, வேலை நடக்கணும் செலவு கம்மியாகணும்னுதான் புரிஞ்சுக்கறோம். இன்னொண்ணு, இது கணினிக்குள்ள நடக்கற மத்த விஷயங்களுக்கும் பொருந்துது. இசட்ராம் இருக்கே, ராம் நிரம்பறப்போ டிஸ்க்குல எழுதாம (அதுதான் ஸ்வாப்) ராமுக்குள்ளயே தரவைச் சுருக்கி வெக்கறது, 2 ஜிபி மெஷின்ல அது பெரிய உதவி, அதை 'நினைவகச் சிக்கனம்'ங்கற தலைப்புல விளக்கிடலாம், எடைன்னு ஆரம்பிச்சா அங்க போய் நிக்க முடியாது.

சிக்கனம்னா காசு விஷயமாச்சே, கஞ்சத்தனம் மாதிரி இல்லையான்னு ஒரு மறுப்பு வந்திருக்கு. காசுல பிறந்த பழக்கம்தான், ஆனா கஞ்சத்தனத்துக்கு நம்மகிட்ட தனிச்சொல் இருக்கு, ரெண்டையும் யாரும் மாத்திச் சொல்றதில்ல. தமிழ்நாட்டுல பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம், இலங்கைல சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம்னு ரெண்டு பக்கமும் பல வருஷமா போர்டுலயே நல்ல அர்த்தத்துல நிக்கற சொல் இது. புதுசா அகராதி பாக்க வேண்டியதில்ல.

ஒண்ணு மட்டும் கையேட்டுல தெளிவா எழுதணும். சிக்கன வழங்கல் போட்டாலும் உலாவியில பத்து டேப் திறந்தா 2 ஜிபி ராம் திணறத்தான் செய்யும், அது வழங்கலோட தப்பு இல்ல. முடிஞ்சா ராமை 4 ஜிபி ஆக்கறது, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி போடறது, இந்த ரெண்டும் சேர்ந்தாதான் மெஷின் நிஜமாவே எழுந்து நிக்கும். அப்புறம் டெபியன்ங்கற வழங்கலோட 13ஆம் பதிப்புல 32-பிட் இன்ஸ்டாலர் இல்ல, அதனால ரொம்பப் பழைய மெஷின் வெச்சிருக்கறவங்க எதையும் டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி ப்ராசசர் 64-பிட்டான்னு பாத்துக்கணும்னு முதல் பக்கத்துலயே போட்டுடுவோம்.

இலங்கைல இருக்கற நண்பர்கள் 'சிக்கன வழங்கல்'னு வாய்விட்டுச் சொல்லிப் பாத்து எப்படி இருக்குன்னு எழுதுங்க. 'வழங்கல்' அங்க சப்ளைன்னு கேக்குதுன்னா அதையும் சொல்லிடுங்க, ரெண்டையும் ஒரே தடவைல தீத்துக்கலாம்.