பீட்டில் 1600 என்ஜின்: கேஸை மூடி முறுக்கினால் கிராங்க் இறுகிவிடுகிறது, உதவி தேவை

வண்டுவண்டி (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். 1971 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில், இரட்டை போர்ட் 1600 என்ஜின். போர் 85.5 மி.மீ., ஸ்ட்ரோக் 69 மி.மீ., இரண்டும் கம்பெனி அளவு. முழுதாகப் பிரித்து, கிராங்கை (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) 0.25 மி.மீ. அண்டர்சைஸுக்கு (அந்த அளவு குறையும்படி) கிரைண்ட் செய்து, புது மெயின் பேரிங், புது ராட் பேரிங் போட்டுக் கோத்துக்கொண்டிருக்கிறேன். கேஸை (இரண்டு பாதிகளாகப் பிரியும் என்ஜின் உடல்) லைன் போரிங் (பேரிங் உட்காரும் துளைகளைப் பெரிதாகக் கடைவது) செய்யவில்லை.

கிராங்கையும் கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இடது பாதியில் உட்கார வைத்தபோது விரலால் சுற்றினாலே சுற்றியது. வலது பாதியை இறக்கி ஆறு பெரிய நட்டுகளையும் முறுக்க ஆரம்பித்தேன். 20 நியூட்டன் மீட்டரில் கனக்க ஆரம்பித்து, 34-க்குப் போனதும் ஃப்ளைவீலைப் பிடித்துச் சுற்றினாலும் அசையவில்லை. தளர்த்தினால் விட்டுவிடுகிறது. பிஸ்டன், சிலிண்டர் இன்னும் போடவில்லை. புது பேரிங் அப்படித்தான் இருக்கும், ஓட ஓட விட்டுவிடும் என்கிறார்கள். அப்படியே மேலே போகலாமா? இல்லை, திரும்பப் பிரிக்க வேண்டுமா?

ஸ்பேனர்14:

ஓட ஓட விடாது சார். பேரிங்தான் கரையும், இல்லன்னா கேஸ்ல சுத்தும். மெயின் பேரிங் சரியா உட்கார்ந்திருந்தா, முழு டார்க் (நட்டுக்கான முறுக்கு விசை) கொடுத்த பிறகும் பிஸ்டன் இல்லாத கிராங்க் கையாலேயே வழுவழுன்னு சுத்தணும். அதுல சமரசமே கிடையாது.

பிரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. முதல்ல கனெக்டிங் ராட். பிஸ்டன் இல்லாததால நாலு ராடும் தொங்கிக்கிட்டு இருக்கும். ஒண்ணு சாய்ஞ்சு சிலிண்டர் ஓட்டையோட விளிம்புல முட்டிக்கிட்டா கிராங்க் லாக் ஆன மாதிரியே தெரியும். நாலையும் நேரா நிமித்திப் பிடிச்சுட்டுச் சுத்திப் பாருங்க. உங்களுக்கு நட்டைத் தளர்த்தினா விடுதுங்கிறதால இது காரணமா இருக்காது, ஆனா ஒரு நிமிஷ வேலை.

ரெண்டாவது, எந்த பேரிங்னு வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். பெரிய நட்டு ஏறுற 12 மி.மீ. ஸ்டட் ஆறுல, 1, 2, 3-ம் மெயின் பேரிங் (ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து எண்ணணும்) ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோடி. ஆறையும் 34-ல வச்சுட்டு ஒரு ஜோடியை மட்டும் தளர்த்திச் சுத்திப் பாருங்க. விடலன்னா அதை மறுபடி முறுக்கிட்டு அடுத்த ஜோடி. எந்த ஜோடியைத் தளர்த்தும்போது கிராங்க் விடுதோ, கோளாறு அங்கதான். நாலாவது பேரிங்கை 8 மி.மீ. நட்டுகள்தான் பிடிக்கும், அதைத் தனியா பாக்கணும்.

என் சந்தேகம் டாவல் பின், அதாவது பேரிங் கேஸ்ல நகராம பிடிக்கிற குட்டி ஆணி. 1, 3, 4 பேரிங்குகள்ல ஒவ்வொரு ஓட்டை இருக்கும், இடது பாதியில நிக்கிற பின் அதுக்குள்ள இறங்கணும். ரெண்டாவது பேரிங் மட்டும் ரெண்டா பிளந்தது, அதுக்குப் பாதிக்கு ஒரு பின். ஓட்டை கொஞ்சம் விலகி பின் மேல பேரிங் ஏறி உட்கார்ந்துட்டா, நட்டு முறுக்க முறுக்க பின் பேரிங்கை உள்பக்கமாத் தள்ளும். அந்த இடத்துல கிராங்க் இறுகும்.

மைக்ரோமீட்டர்:

மேலே சொன்னது சரி. அதோடு அளவையும் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் பேரிங் செட்டுகளில் இரண்டு அளவுகள் உண்டு: உள் அளவு, வெளி அளவு. கம்பெனி கிராங்கில் 1, 2, 3-ம் ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் பகுதி) 55 மி.மீ., நாலாவது 40 மி.மீ. 0.25 கிரைண்ட் செய்தால் 54.75, 39.75 என்று வரும். கேஸ் போர் 65 மி.மீ., நாலாவதுக்கு 50 மி.மீ. லைன் போரிங் செய்யாத கேஸில் வெளி அளவு ஸ்டாண்டர்டாகத்தான் இருக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் பேரிங்கின் முதுகில் அடித்திருக்கும் குறியைப் படியுங்கள். வெளி அளவு பெரிதாக இருந்தால் ஒரே பேரிங்கில் அல்ல, எல்லாவற்றிலும் இறுகும்.

இன்னொன்று: நட்டு எதுவும் போடாமல் கேஸ் பாதிகள் ஒன்றோடொன்று முழுக்க ஒட்டினவா? கையால் அழுத்தினால், அல்லது ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். நட்டை முறுக்கி இழுத்துத்தான் மூடியது என்றால் உள்ளே ஏதோ தடுக்கிறது. டாவல் பின், இடுக்கில் விழுந்த வாஷர், பேரிங் உட்காரும் விளிம்பில் கிளம்பிய பிசிறு, தடிமனாகப் பூசிய சீலன்ட் என்று எதுவாகவும் இருக்கலாம். மெக்னீசியம் கலவை கேஸ் மிருதுவானது. முறுக்கினால் எதிர்ப்பே காட்டாமல் நசுங்கிக்கொடுக்கும், அதனால் கைக்குத் தெரியாது.

வண்டுவண்டி:

நன்றி சார். மூன்றாவது ஜோடியைத் தளர்த்தியதும் விட்டது. கேஸைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது பேரிங்கின் முதுகில், ஓட்டைக்கு ஒரு பின் அகலம் தள்ளி, பிறை வடிவத்தில் ஒரு பள்ளம். உள்பக்கம் அதே இடத்தில் ஒரு பளபளப்பான புள்ளி. அளவுக் குறிகள் சரிதான்: உள் 0.25, வெளி ஸ்டாண்டர்ட். பின் நேராகத்தான் நிற்கிறது. பேரிங்கின் ஓட்டை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருக்கிறது, அது இப்போது புல்லி பக்கம் பார்க்கிறது. இதுவா காரணம்?

ஸ்பேனர்14:

அதேதான். மூணாவது பேரிங்ல ஓட்டை ஃப்ளைவீல் பக்கம் பாக்கணும். இப்படிப் பக்கம் மாத்திப் போட்டா, எப்படிச் சுத்தி வச்சாலும் ஓட்டை பின் மேல விழாது.

அந்த பேரிங்கை மறுபடி போடாதீங்க. முதுகுப் பள்ளத்தைத் தட்டி நேராக்கினாலும் உள்பக்கம் வட்டம் வராது. முழு செட்டா வாங்கிடுங்க.

இப்ப வேலை கொஞ்சம் கூடுது, ஏன்னா மூணாவது பேரிங் முழு வளையம். அதை எடுக்கணும்னா சர்க்ளிப் (பிடிப்பு வளையம்), டிஸ்ட்ரிப்யூட்டரை ஓட்டுற பித்தளை கியர், ஸ்பேசர் வளையம், கேம் டைமிங் கியர் எல்லாத்தையும் வரிசையா கழட்டணும். சுத்தியலால அடிச்சு எடுக்காதீங்க, புல்லர் இல்ல பிரஸ்தான். திரும்பப் போடும்போது கியரை 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடு பண்ணா தானா இறங்கும். டைமிங் புள்ளிகள் வெளியே, புல்லி பக்கம் தெரியணும். கியர் போடுறதுக்கு முன்னாடி புது பேரிங் கிராங்க்ல இருக்கா, ஓட்டை எந்தப் பக்கம்னு ரெண்டு தடவை பாருங்க.

கேஸ்ல பின் ஓட்டையைச் சுத்தி உலோகம் மேல கிளம்பியிருக்கான்னு விரல் நகத்தால தடவிப் பாருங்க. நகம் தடுக்கினா அந்த மேட்டை மட்டும் ஸ்கிரேப்பரால சீவுங்க. எமரி பேப்பர் வேண்டாம், பேரிங் உட்கார்ற வட்டத்தையே தேய்ச்சுடும்.

இந்தத் தடவை கண்ணை மூடிட்டுக்கூட பின்னைப் பிடிக்கிற வழி ஒண்ணு இருக்கு. கிராங்க்ல கோக்கிறதுக்கு முன்னாடி 1, 3, 4 பேரிங்கைத் தனித்தனியா இடது பாதியில பின் மேல உட்கார வச்சு, கேஸ் விளிம்பு பேரிங்கைத் தொடுற ரெண்டு இடத்துலயும் பென்சில் கோடு போட்டுக்குங்க. அப்புறம் கிராங்கை இறக்கும்போது கோடு விளிம்போட நேரா வந்தா பின் ஓட்டைக்குள்ள இருக்குன்னு அர்த்தம். உறுதிப்படுத்த பேரிங்கை விரலால திருகிப் பாருங்க, அசையக் கூடாது.

கேம் கியர்ல இருக்கிற ஒத்தைப் புள்ளி, கிராங்க் கியரோட ரெண்டு புள்ளிக்கு நடுவுல விழணும். கிராங்கைப் பின்னோக்கிச் சுத்தும்போது கேம் இருக்கையிலிருந்து எழும்பினா கியர் ரொம்ப இறுக்கம், வேற அளவு கியர் வேணும். கேம் பிளக்கை (கேம் முனையில வர்ற மூடி) மறந்துடாதீங்க, மறந்தா ஆயில் கிளட்ச் பக்கம் ஒழுகும். வலது பாதியோட லிஃப்டர்கள் (கேம் தள்ளி வால்வை இயக்குற துண்டுகள்) கீழ விழாம கிளிப்போ கெட்டியான கிரீஸோ வச்சுப் பிடிங்க.

மைக்ரோமீட்டர்:

முறுக்கும் வரிசை: சீலன்ட் ஒரு பாதியில் மட்டும், மெல்லிய படலமாக. சிலிகான் வேண்டாம், பிதுங்கிய துண்டு ஆயில் வழியில் போய் அடைக்கும். முதலில், முதல் மெயின் பேரிங்குக்குக் கீழே 12 மி.மீ. ஸ்டட்டை ஒட்டியிருக்கும் அந்த ஒற்றை 8 மி.மீ. நட்டு, 20 நியூட்டன் மீட்டர். பிறகு ஆறு 12 மி.மீ. நட்டுகள், படிப்படியாக 34 வரை. கடைசியாக மற்ற 8 மி.மீ. நட்டுகள், 20. ஒவ்வொரு படிக்கும் பிறகு கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கனம் கூடினால் அந்த நட்டிலேயே நிறுத்துங்கள்.

வண்டுவண்டி:

புது செட் போட்டு மூடிவிட்டேன். முழு டார்க்கிலும் இரண்டு விரலால் சுற்றுகிறது. இப்போது எண்ட் ப்ளே (கிராங்க் முன்னும் பின்னும் நகரும் இடைவெளி). இரண்டு ஷிம் (மெல்லிய வளையத் தகடு) மட்டும் போட்டு, ஃப்ளைவீலை இறுக்கி, டயல் கேஜ் வைத்தேன், 0.43 மி.மீ. காட்டுகிறது. ஆயில் சீல் இன்னும் போடவில்லை. மூன்றாவது ஷிம் எது?

மைக்ரோமீட்டர்:

சீல் இல்லாமலும், ஃப்ளைவீலுக்குள் போகும் ஓ ரிங் இல்லாமலும் அளந்ததுதான் சரியான முறை. எண்ட் ப்ளே 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் வர வேண்டும். அளந்ததிலிருந்து 0.10 கழித்தால் மூன்றாவது ஷிம்மின் தடிமன் கிடைக்கும்: 0.33. ஷிம்கள் 0.24, 0.30, 0.32, 0.34, 0.36, 0.38 என்ற அளவுகளில் வரும். 0.32 போட்டால் 0.11, 0.34 போட்டால் 0.09. இரண்டும் வரம்புக்குள்தான், ஓட ஓட இந்த இடைவெளி கூடுமே தவிர குறையாது என்பதால் நான் 0.34 போடுவேன். ஷிம் எப்போதும் மூன்று. இரண்டு தடிமனான ஷிம்மால் சமாளிக்கக் கூடாது, நாலும் கூடாது.

ஒரு எச்சரிக்கை: ஃப்ளைவீலை அசைக்கும்போது முதல் பேரிங்கே கேஸுக்குள் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் கேஸின் த்ரஸ்ட் முகம் (முன்பின் தள்ளலைத் தாங்கும் பரப்பு) தேய்ந்திருக்கிறது, ஷிம் அதைச் சரிசெய்யாது.

எல்லாம் சரியென்றால் சீல், ஓ ரிங், மூன்று ஷிம் போட்டு, 36 மி.மீ. சாக்கெட்டால் கிளாண்ட் நட்டை (ஃப்ளைவீலைக் கிராங்கோடு பிடிக்கும் பெரிய நட்டு) 300 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, மறுபடி ஒருமுறை அளந்துவிடுங்கள்.

ஸ்பேனர்14:

அடுத்து சிலிண்டர் போடும்போது ஒண்ணு. சிலிண்டர்களுக்கு அடியில போற தகடு ரெண்டும், ஹெட்டும் புஷ்ராட் குழாயும் போடுறதுக்கு முன்னாடியே போயாகணும். மறந்துட்டா ஹெட்டைத் திரும்ப எடுத்தாத்தான் உண்டு. அது இல்லன்னா ஃபேன் காற்று சிலிண்டரைச் சுத்திப் போகாம நேரா கீழ இறங்கிடும், அடிப்பக்கம் வெந்துபோகும். புஷ்ராட் குழாயை 190 முதல் 191 மி.மீ. நீளத்துக்கு இழுத்து, தையல் மேல் பக்கம் வர்ற மாதிரி வைங்க. பிஸ்டன் மேல இருக்கிற அம்பு ஃப்ளைவீலைப் பாக்கணும். ஹெட் நட்டை முதல்ல எல்லாத்தையும் 10-க்குக் கொண்டுவந்துட்டு, 10 மி.மீ. ஸ்டட்டா இருந்தா 31 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. ஸ்டட்டா இருந்தா 25. வால்வ் கிளியரன்ஸ் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மி.மீ.

ஆயில் 2.5 லிட்டர். ஸ்பார்க் பிளக் எல்லாத்தையும் கழட்டிட்டு, ஆயில் விளக்கு அணையற வரைக்கும் ஸ்டார்ட்டர்ல சுத்துங்க, நடுநடுவுல ஸ்டார்ட்டரை ஆற விடுங்க. விளக்கு அணைஞ்ச பிறகுதான் பிளக் போட்டு ஸ்டார்ட் பண்ணணும். ஃபேன் ஹவுசிங், தகடு, பெல்ட் எல்லாம் மாட்டாம அரை நிமிஷம்கூட ஓட்டாதீங்க.