ஸ்கைலரை வெறுப்பவர்கள் ஹேங்கை ஏன் வெறுப்பதில்லை?

மழைக்குருவி:

பிரேக்கிங் பேட் (வால்ட்டர் வைட் என்ற வேதியியல் ஆசிரியர் போதைமருந்து காய்ச்சத் தொடங்கும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்) பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். முழுக்க ஸ்பாய்லர்தான்.

நான் இருக்கும் ரசிகர் குழு ஒன்றில் போன வாரம் வாக்கெடுப்பு வைத்தார்கள்: தொடரிலேயே சகிக்க முடியாத கதாபாத்திரம் யார்? முதலிடம் வால்ட்டரின் மனைவி ஸ்கைலர் வைட்டுக்கு. தொடர் 2013இல் முடிந்துவிட்டது, இன்னும் அவளை விடமாட்டேன் என்கிறார்கள். எனக்கு உண்மையில் கோபம் வந்தது கீழே எழுதியிருந்த காரணங்களைப் படித்தபோதுதான். நச்சரிக்கிறாள். கணவனுக்குத் துரோகம் செய்தாள். அவன் குடும்பத்துக்காகத்தானே எல்லாம் செய்தான், கொஞ்சமாவது நன்றி வேண்டாமா?

வால்ட்டர் என்ன செய்தான் என்று நினைத்துப் பாருங்கள். தன் கூட்டாளியின் காதலி ஜேன் மூச்சுத் திணறிச் சாவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தான். ஒரு சின்னப் பையனுக்கு விஷம் கொடுத்தான். ஸ்கைலர் தன் முதலாளி டெட்டோடு உறவு வைத்துக்கொண்டது, கணவன் போதைமருந்து காய்ச்சுகிறான் என்று தெரிந்து, விவாகரத்து கேட்டு, அவன் வீட்டைவிட்டுப் போக மறுத்த பிறகு. இந்த வரிசையைச் சொல்லாமல் "துரோகம்" என்று மட்டும் எழுதினால் அது விமர்சனமே இல்லை. "குடும்பத்துக்காக" என்ற சமாதானத்தைக் கடைசி எபிசோடில் வால்ட்டரே கைவிடுகிறான். எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்று ஸ்கைலரிடமே சொல்கிறான். அவனே விட்டுவிட்ட சாக்கை ரசிகர்கள் இன்னும் அவனுக்காகச் சுமக்கிறார்கள்.

இதற்கு வழக்கமாக ஒரு பதில் வரும். கதை வால்ட்டர் பக்கம் நின்று சொல்லப்படுகிறது, அவனுக்குக் குறுக்கே வருகிறவர்மேல் எரிச்சல் வரத்தான் செய்யும் என்பார்கள். சரி, அப்படியானால் ஹேங்க்? போதைப்பொருள் தடுப்பு அதிகாரி. ஹைசன்பெர்க்கைப் (போதைமருந்துத் தொழிலில் வால்ட்டரின் புனைபெயர்) பிடிப்பதுதான் அவனுக்கு வாழ்க்கை. வால்ட்டருக்கு ஸ்கைலரைவிடப் பெரிய ஆபத்து அவன். கூட வேலை செய்கிறவனின் இனத்தை வைத்து ஓயாமல் கிண்டல் வேறு. ஆனால் ஹேங்க் சாகும் காட்சிக்கு அதே குழுவில் பக்கம் பக்கமாக உருகியிருக்கிறார்கள். குறுக்கே நிற்பதுதான் குற்றம் என்றால் அவன்மேலும் இந்த வெறுப்பு வந்திருக்க வேண்டும்.

ஸ்கைலராக நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி எழுதினார். அவரைக் கொல்ல வேண்டும், எங்கே கிடைப்பார் என்று கேட்டு ஒருவர் இணையத்தில் போட்ட பதிவையும் அதில் சொல்லியிருந்தார். கற்பனைப் பாத்திரத்தில் தொடங்கிய வெறுப்பு ஒரு நிஜ மனுஷியின்மேல் போய் விழுந்தது.

என் கேள்வி இதுதான். யாரும் ஒரு கதாபாத்திரத்தை வெறுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே செயலுக்கு ஆளைப் பார்த்துத் தீர்ப்பு மாறும்போது அதை எப்படிச் சுட்டிக்காட்டுவது? வாயைத் திறந்தாலே "எங்கள் ரசனையில் தலையிடாதே" என்கிறார்கள்.

கடைசிவரிசை:

தலையிடத்தான் வேண்டும். ரசனை என்று சொல்லிவிட்டால் எதுவும் சரியாகிவிடாது.

ஹங்கர் கேம்ஸ் படம் 2012இல் வந்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? ரூ என்ற சிறுமிக்குக் கரும்பழுப்புத் தோல் என்று 2008இல் வந்த நாவலிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. படிக்கும்போது அவள் சாவுக்கு அழுத வாசகர்கள், திரையில் ஒரு கறுப்பினச் சிறுமியைப் பார்த்ததும் ட்விட்டரில் கொதித்தார்கள். அவள் கறுப்பு என்று தெரிந்த பிறகு அந்தச் சாவு அவ்வளவு வருத்தமாக இல்லை என்று எழுதியவர்கூட உண்டு. கதை அதே கதை, சிறுமி அதே சிறுமி, சாவும் அதே சாவு. அழுகைக்குத் தகுதி மட்டும் எப்படிக் குறைந்தது? இதை ரசனை என்று என்னால் ஏற்க முடியாது.

உன் குழுவில் பொதுவாக வாதம் செய்யாதே. இதே மாதிரி ஒரு காட்சியை எடுத்து வை. அவர்கள் பதில் சொல்லட்டும்.

ஏடும்எழுத்தும்:

இது நேற்று வந்த நோய் இல்லை. சிலப்பதிகாரத்தைப் பேசும் எந்தக் கூட்டத்திலும் கோவலனைக் கெடுத்தவள் என்று மாதவியை யாராவது சொல்வார். மதுரைக் காண்டத்தில், அவள் அனுப்பிய ஓலையைப் படித்துவிட்டு, தவறு அவளுடையது அல்ல, தன்னுடையதுதான் என்று கோவலனே உணர்கிறான். இளங்கோ விடுவித்தவளை வாசகர்கள் இன்னும் கூண்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கோவலனுக்கு மட்டும் "ஊழ்வினை" என்று ஒரு வக்கீல் எப்போதும் தயார்.

இரவுப்பறவை:

கொஞ்சம் மாற்றுக் கருத்து. எல்லாவற்றையும் ஆண், பெண் என்றே பார்த்தால் பாதிதான் விளங்கும். தி லாஸ்ட் ஆஃப் அஸ் என்ற வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தை (2020) எடுத்துக்கொள்ளுங்கள். ஏபி தன் அப்பாவைக் கொன்ற ஜோயலைப் பழிவாங்குகிறாள். அதற்குப் பழிவாங்க, ஜோயலுக்கு மகள் மாதிரியான எல்லி கிளம்பி வழியெல்லாம் கொல்கிறாள். இரண்டு பேரும் பெண்கள்தான். எல்லிக்கு மன்னிப்பு, ஏபிக்குச் சாபம். ஏபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் போனது. முதல் பாகத்திலிருந்து நாம் யாரோடு நடந்தோமோ அவர்தான் நம் ஆள். பாரபட்சத்தைவிட விசுவாசம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. சில பெண் பாத்திரங்களை உண்மையிலேயே மோசமாக எழுதியிருக்கிறார்கள். அதைச் சொன்னாலே பெண் வெறுப்பாளன் என்று முத்திரை குத்துவதும் நியாயமில்லை.

மைத்துளி:

ரசிகர் புனைவு (பிடித்த தொடர்களின் உலகத்தை வைத்து ரசிகர்களே எழுதும் கதைகள்) எழுதுபவளாக ஒன்று சொல்கிறேன். 1973இல் பாலா ஸ்மித் என்பவர் ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடரின் ரசிகர் இதழ் ஒன்றில் ஒரு பகடிக் கதை எழுதினார். பதினைந்தரை வயதில் லெஃப்டினென்ட், எல்லாம் வல்லவள், எல்லோரும் அவளைக் காதலிக்கிறார்கள். பெயர் மேரி சூ. கற்றுக்குட்டி எழுத்தின் ஒரு பழக்கத்தைக் கேலி செய்தது அது, அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பெயர் திறமையுள்ள எந்தப் பெண் பாத்திரத்தின் மேலும் எறியும் கல்லாகிவிட்டது. அந்தப் பட்டத்துக்குப் பயந்தே பெண் பாத்திரங்களை எழுதத் தயங்கிய ரசிகைகளைப் பற்றி ஆய்வாளர் கமில் பேகன் ஸ்மித் 1992லேயே எழுதியிருக்கிறார். விளைவு அதுதான்: வெறுப்புக்குப் பயந்து எழுதாமலே போன கதைகள். நானும் ஒரு கப்பல் தலைவியை மூன்றாம் அத்தியாயத்தில் வேண்டுமென்றே தோற்க வைத்தேன். கதைக்கு அந்தத் தோல்வி தேவையே இல்லை. தலைவன் என்றிருந்தால் அப்படி எழுதியிருக்கவே மாட்டேன்.

மழைக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. மைத்துளி, அந்த அத்தியாயத்தைத் திருத்தி மறுபடி போடுங்கள், நான் படிக்கிறேன்.

இரவுப்பறவை, விசுவாசம் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். ஏபி உதாரணம் என் வாதத்தைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறது, அதை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். ஆனால் அந்த ஆட்டத்திலேயே இன்னொருவர் இருக்கிறாரே. முதல் பாகத்தின் முடிவில் எல்லியைக் காப்பாற்ற ஜோயல் ஒரு மருத்துவமனையே ரத்தமாகும்படி கொன்றுவிட்டு, எல்லியிடம் பொய்யும் சொல்கிறான். ரசிகர்கள் அதை அப்பாவின் பாசம் என்றார்கள். ஏபி செய்ததும் மகளின் பாசம்தான், அதை யார் சொன்னார்கள்? அப்புறம் அவள் உடம்பு. ஒரு பெண்ணுக்கு இவ்வளவு தசை இருக்குமா என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். விசுவாசத்துக்கும் அவள் தோளின் அகலத்துக்கும் என்ன சம்பந்தம்? நம் ஆள் இல்லை என்பதால் கோபம் வந்திருக்கலாம். அந்தக் கோபம் எந்தப் பக்கம் திரும்பியது என்பதைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன்.

மோசமான எழுத்து விஷயத்திலும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஒரு நாயகன் மோசமாக எழுதப்பட்டால் நம் ஆட்கள் எழுத்தாளரைத் திட்டுவார்கள்: "இந்த சீசனில் அவனை வீணடித்துவிட்டார்கள்." நாயகி மோசமாக எழுதப்பட்டால் அவளையே திட்டுவார்கள்: "இவள் வந்தாலே எழுந்து போய்விடலாம்." அவன் பாதிக்கப்பட்டவன், அவள் குற்றவாளி. எழுத்துதான் பிரச்சினை என்று உண்மையிலேயே நம்புகிறவர் இரண்டு இடத்திலும் எழுதியவரைத்தானே கேட்க வேண்டும்? நீங்கள் அப்படிக் கேட்பவர் என்றால் உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கடைசிவரிசை சொன்னதைச் செய்யப் போகிறேன். ஹேங்க், ஸ்கைலர் இருவரும் வால்ட்டரை நேருக்கு நேர் எதிர்க்கும் காட்சிகளில் ஒவ்வொன்றை எடுத்துக் குழுவில் போட்டு, இரண்டில் யார் செய்தது தவறு, ஏன் என்று மட்டும் கேட்கப் போகிறேன். ஹேங்குக்கு வண்டி நிறுத்தும் கொட்டகையில் கதவை இறக்கிவிட்டு வால்ட்டரை அடிக்கும் காட்சி இருக்கிறது. ஸ்கைலருக்கு எதை எடுக்கலாம்? கத்தியோடு நிற்கும் காட்சி ரொம்பப் பிரபலம், எல்லோரும் முன்பே முடிவு செய்து வைத்திருப்பார்கள். நீச்சல்குளத்தில் இறங்கிய பிறகு படுக்கையறையில் நடக்கும் சண்டையை நினைக்கிறேன். வேறு பொருத்தமான காட்சி தெரிந்தால் சீசனோடு சொல்லுங்கள்.