பூமி நடுவில புடைச்சிருந்தா கடல் ஏன் துருவப்பக்கம் வழிஞ்சு ஓடேல்ல?

மானிப்பாய் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகன் இந்த வருசம் ஓ/எல் சோதினை எடுக்கிறான். பூமி சரியான உருண்டை இல்லை, மத்தியகோட்டில புடைச்சு துருவத்தில தட்டையா இருக்கு எண்டு படிச்சுப்போட்டு வந்து ராத்திரி ஒரு கேள்வி கேட்டான், எனக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்ல. மையத்தில இருந்து மத்தியகோட்டுக்கு 6378 கிலோமீட்டர், துருவத்துக்கு 6357, அப்ப மத்தியகோடு 21 கிலோமீட்டர் மேடு, எவரெஸ்டைவிட ரெண்டு மடங்குக்கும் மேல. தண்ணி பள்ளத்துக்குத்தானே அம்மா ஓடும், அப்ப கடலெல்லாம் ஏன் துருவத்துக்குப் போகேல்ல எண்டுறான். சுத்துறதாலதான் புடைச்சது எண்டு ரீச்சர் சொன்னவாவாம், அது விளங்குது, ஆனா தண்ணி ஏன் அப்பிடியே நிக்குது? பிள்ளையைச் சும்மா சமாளிச்சு விட எனக்கு விருப்பமில்லை, தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ.

கொக்குவில் பிசிக்ஸ்:
தங்கச்சி, உங்கட மகன் கையை வைச்ச இடம்தான் இந்த விசயத்தின்ர முக்கியமான இடம், ஏ/எல் பிள்ளையள் கனபேருக்கே இது தட்டுப்படுறேல்ல.

மேடு பள்ளம் எண்டுறது பூமி மையத்தில இருந்து எவ்வளவு தூரம் எண்டதை வைச்சு இல்லை. மேசன் சுவர் எழுப்பேக்க தூக்குக்குண்டு விடுறார், குண்டு எந்தப் பக்கம் இழுபடுதோ அதுதான் கீழ, அதுக்குச் செங்குத்தா இருக்கிறதுதான் மட்டம். தண்ணியும் அந்தக் குண்டு காட்டுற கீழைத்தான் பாத்து ஓடும். இப்ப அந்தக் குண்டில ரெண்டு விசயம் வேலை செய்யுது, ஒண்டு பூமியின்ர ஈர்ப்பு, மற்றது பூமி சுத்துறதால வாற மையநீக்கம், அது அச்சில இருந்து வெளிப்பக்கமாத் தள்ளும். யாழ்ப்பாணத்தில சும்மா கதிரையில இருக்கிறவரும் மணிக்கு 1645 கிலோமீட்டர் வேகத்தில கிழக்கால போய்க்கொண்டுதான் இருக்கிறார். ரெண்டையும் சேத்துப் பாத்தா குண்டு நேரா பூமி மையத்தைப் பாத்துத் தொங்காது, மிக மிகச் சின்ன அளவில தெற்கால சரிஞ்சு நிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா அந்த நூலை நிலத்துக்குள்ளால நேரா நீட்டிக்கொண்டே போனா மையத்தில படாமல் 7 கிலோமீட்டர் அளவில விலகிப் போகும்.

பாறையெண்டாலும் கோடிக்கணக்கான வருசத்தில வளைஞ்சு குடுக்கும், அதால பூமி அந்தக் குண்டு காட்டுற மட்டத்துக்கு ஏத்தமாதிரித்தான் தன்ர உருவத்தை எடுத்திருக்கு, கடலும் அதே மட்டத்திலதான் நிக்குது, பிறகு அது எங்க ஓடுறது, சரிவே இல்லையே. எங்கட நாட்டிலயே பாருங்கோ, வடக்கு நுனியில இருக்கிற பருத்தித்துறைக் கடல் மட்டத்தைவிட தெற்கு நுனியில இருக்கிற தேவேந்திரமுனைக் கடல் மட்டம் பூமி மையத்தில இருந்து கிட்டத்தட்ட 400 மீட்டர் கூடத் தூரம். 400 மீட்டர்! அதுக்காக தெற்கில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி வடக்க வழிஞ்சு வாறேல்ல, போட்டில போறவை ஏத்தம் ஏறுறதும் இல்லை.

இன்னொண்டையும் மகனுக்குச் சொல்லுங்கோ, புத்தகத்தில தட்டையாக் கீறுற படத்தை நம்ப வேண்டாம். மேசையில வைக்கிற 30 சென்ரிமீட்டர் குளோப் அளவுக்குப் பூமியைச் சுருக்கினா இந்த முழு வித்தியாசமும் 1 மில்லிமீட்டர்தான்.

நல்லூர் வாசகன்:
சேர் வடிவாச் சொல்லிப்போட்டார், இது எப்பிடிப் பிடிபட்டது எண்டதையும் நான் சொல்லுறன், எனக்கு இந்தக் கதையில சரியான விருப்பம். 1672இல ஜான் ரிஷே எண்ட பிரெஞ்சு வானியலாளர் தென்னமெரிக்காவில கயேன் எண்ட இடத்துக்குப் போறார், தேவேந்திரமுனை மாதிரியே மத்தியகோட்டுக்குக் கிட்ட. பாரிஸில சரியா ஓடின ஊசல் மணிக்கூடு அங்க ஒரு நாளைக்கு ரெண்டரை நிமிசம் பிந்துது. மணிக்கூட்டில பிழை இல்லை, அங்க ஈர்ப்பு குறைவு. நியூட்டன் 1687இல தன்ர புத்தகத்தில இதையும் வைச்சு, பூமி துருவத்தில 230இல ஒரு பங்கு தட்டை, அதாவது மையத்தில இருந்து துருவத்துக்குள்ள தூரம் மத்தியகோட்டுக்குள்ளதைவிட அவ்வளவால குறைவு எண்டு கணக்குப் போட்டார். இண்டைக்கு அளந்து வைச்சிருக்கிறது 298இல ஒரு பங்கு. செய்மதி இல்லாத காலத்தில இருந்த இடத்தில இருந்தே அவ்வளவு கிட்ட வந்திட்டார்!

ஆனா பிரான்ஸில காசினி எண்ட வானியலாளர் குடும்பம் நேர் எதிரா, துருவப்பக்கம்தான் நீண்டிருக்கு எண்டு நிண்டவை. சண்டையைத் தீர்க்க ரெண்டு குழு வெளிக்கிட்டுது, 1735இல மத்தியகோட்டில இருக்கிற இப்பத்தைய எக்குவடோர் பக்கம், 1736இல ஐரோப்பாவின்ர வடகோடியில இருக்கிற லாப்லாந்துக்கு மொப்பர்துயி தலைமையில. ஒரு பாகை அகலாங்கு நிலத்தில எவ்வளவு நீளம் எண்டு அளக்கிறதுதான் வேலை. இண்டைய கணக்குப்படி மத்தியகோட்டில 110.6 கிலோமீட்டர், துருவத்துக்குக் கிட்ட 111.7. துருவப்பக்கம் பாகை நீளம் எண்டால் அங்க வளைவு குறைவு, அதாவது தட்டை. நியூட்டன் சொன்னதுதான் சரி.

நில அளவைக்காரன்:
துருவத்தில தட்டையான இந்த நீள்வட்ட உருவமும் முழுக்கச் சரியில்லை எண்டதை நான் வேலையில ஒவ்வொரு நாளும் பாக்கிறன். பூமிக்குள்ள பாறை எல்லா இடத்திலயும் ஒரே அடர்த்தி இல்லை, அதால கடல் மட்டமே அங்கங்க ஏறி இறங்கும். உலகத்திலயே ஆகப்பெரிய இறக்கம் எங்க தெரியுமோ, எங்களுக்குத் தெற்கால, இலங்கைக்குக் கீழ இந்து சமுத்திரத்தில. கணக்கில போடுற நீள்வட்டத்தைவிட அங்க கடல் 100 மீட்டருக்கும் கூடக் கீழ இருக்கு. அந்த இறக்கத்துக்குள்ளதான் எங்கட யாழ்ப்பாணமும் கிடக்கு. காரைநகர்க் கரையில ஜிபிஎஸ் கருவியைத் தண்ணி ஓரமா நட்டுப்போட்டு திருத்தம் ஒண்டும் போடாமல் உயரத்தைப் பாத்தா மைனஸ் 90 சொச்சம் மீட்டர் காட்டும், அது அந்த நீள்வட்டத்தில இருந்துதான் உயரத்தை அளக்குது. புதுசா வேலைக்கு வாற பெடியள் கருவி பழுது எண்டு ஓடி வருவினம். பழுது இல்லை, பூமி அப்பிடித்தான்.

மானிப்பாய் அம்மா:
மூண்டு பேருக்கும் பெரிய நன்றி. தூக்குக்குண்டு கதையை வாசிச்சுக் காட்டினன், சேர், உடன அடுத்தது கேக்கிறான். அப்ப பூமி சுத்துறதை நிப்பாட்டினா?

கொக்குவில் பிசிக்ஸ்:
அப்ப அவன் முதல் சொன்னது அப்பிடியே நடக்கும். மையநீக்கம் இல்லாமல் போக, குண்டு முந்தியைவிட மையப்பக்கமாத் திரும்பித் தொங்கும், மத்தியகோடு உண்மையிலயே மேடாகும், கடல் ரெண்டு துருவத்துக்கும் ஓடிச் சேரும். நாங்கள் மத்தியகோட்டுக்குக் கிட்ட இருக்கிறதால பாக்குநீரிணை வத்தி இந்தியாவுக்கு நடந்தே போகலாம். பாறையும் பிறகு உருண்டைக்கு வரப் பாக்கும், ஆனா தண்ணி மாதிரி உடன இல்லை, அதுக்குக் கனகாலம் வேணும். மறுபக்கமாவும் யோசிக்கச் சொல்லுங்கோ, சனி பத்தரை மணித்தியாலம் அளவில ஒருக்காச் சுத்துது, அதுவும் வாயுக் கோள், அதால அது பத்தில ஒரு பங்கு தட்டை. சின்னத் தொலைநோக்கியால பாத்தாலே உருண்டை இல்லை எண்டு தெரியும்.