அட்சார்ப்ஷன்: ‘பரப்புப்பற்றல்’ சரிவருமா?

வணக்கம் ஐயா,

வாயுவோ நீராவியோ ஒரு பொருளின் பரப்பில் ஒட்டித் தங்கும் அட்சார்ப்ஷனுக்கு (adsorption) ‘பரப்புக் கவர்ச்சி’ என்ற சொல் புழக்கத்தில் இருக்கும்போது, நான் சொன்ன ‘பரப்புப்பற்றல்’ எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காந்தத்துக்கும் கோளுக்கும் சொல்லிச் சொல்லி, கவர்ச்சி என்றாலே தூரத்திலிருந்து இழுப்பது என்று ஆகிவிட்டது. இங்கே வாயு மூலக்கூறு பரப்பில் வந்து ஒட்டித் தங்குகிறது. இலங்கை வழக்கான ‘புறத்துறிஞ்சல்’ இதைவிடத் தேவலை. என்றாலும் உறிஞ்சல் என்றதும் உள்ளே போய்விட்டதாகத் தோன்றுகிறது. பல்லேடியம் என்ற உலோகம் தன் கனஅளவைப்போல் ஏறத்தாழ 900 மடங்கு ஹைட்ரஜனை உள்வாங்கும். அது உறிஞ்சல். கரி வாயுவைத் தன் பரப்பில் ஒட்டவைப்பது வேறு.

(1881-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசர் ‘அட்சார்ப்ஷன்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தபோது, உறிஞ்சலைக் குறிக்கும் ‘அப்சார்ப்ஷன்’ (absorption) என்பதன் முன்னொட்டை மட்டும் மாற்றினார். ஓரெழுத்து வித்தியாசத்தில் ஆங்கில மாணவர்களும் இன்றுவரை தடுமாறுகிறார்கள்.)

புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்கும் சிலிக்கா ஜெல்லைப் பாருங்கள். நீராவி அந்த மணிகளின் நுண்துளைச் சுவர்களில் ஒட்டுகிறது. கோபால்ட் குளோரைடு சேர்த்த நீலமணி என்றால் ஈரம் ஏற ஏற இளஞ்சிவப்பாகும். 120 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் நீர் விலகி மறுபடி நீலம். துளைச் சுவரும் பரப்புதான். ஒரு கிராம் கிளர்வூட்டிய (நுண்துளைகள் பெருகச் செய்த) கரியில் 1000 சதுர மீட்டருக்கு மேலும் பரப்பு இருக்கலாம், அநேகமாக எல்லாமே துளைகளுக்குள். அதனால்தான் ‘புறம்’, ‘மேல்’ இரண்டையும் விட்டுப் ‘பரப்பு’ என்றேன்.

பற்றலில் இன்னொரு வசதி, கிளைச்சொற்கள் தாமாக வருகின்றன. கரி பற்றுவான், வாயு பற்றுபடுபொருள். சிலிக்கா ஜெல்லில் நீர் வேதிப்பிணைப்பின்றி ஒட்டுவது இயற்பற்றல். வனஸ்பதி தயாரிப்பில் நிக்கல்மேல் ஹைட்ரஜன் மூலக்கூறு அணுக்களாகப் பிரிந்து பிணைவது வேதிப்பற்றல். சூடாக்கி விலக்குவது பற்றுவிடல். கொஞ்சம் துறவு வாடை அடிக்கிறது, போகட்டும். பற்றுவானுக்குப் பதில் ‘பற்றி’ என்று மட்டும் வைக்க வேண்டாம், ‘குறித்து’ என்ற பொருள் குறுக்கே வரும்.

 

உறிஞ்சலும் பற்றலும் சேர்ந்து நடப்பதற்கு வேதியியலாளர் மெக்பெயின் 1909-இல் முன்னொட்டையே கழற்றிவிட்டு ‘சார்ப்ஷன்’ என்றார். நம்மிடம் கழற்ற முன்னொட்டு இல்லை. ‘ஏற்றல்’ எனலாமா? மின்னேற்றத்தோடு மோதும் என்று தயங்குகிறேன். வேறு தோன்றினால் சொல்லுங்கள்.