பழைய 8 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினை வாங்கலாமா?

கேட்பவர்: முகத்துவாரம் (எண்ணூர்)

அன்பர்களுக்கு வணக்கம். எண்ணூர் முகத்துவாரத்திலும் அதையொட்டிய கரைக்கடலிலும் நண்டு வலையும் மடவை வலையும் விடுவதற்கு, 22 அடி நீளமுள்ள ஃபைபர் படகு ஒன்று எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. அதில் பொருத்தியுள்ள நீண்ட தண்டு டீசல் எஞ்சின் கரும்புகை கக்குகிறது, பாதி வழியில் இழுவையும் குறைந்துவிடுகிறது. அதைப் பிரித்துச் சரிசெய்வதா, அல்லது அந்தச் செலவோடு இன்னும் கொஞ்சம் பணம் போட்டுப் பழைய அவுட்போர்டு (படகின் பின்பலகையில் மாட்டும் எஞ்சின்) ஒன்றை வாங்கிவிடுவதா என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் ஒத்துப்போகவில்லை. அப்பா டீசலை விடமாட்டேன் என்கிறார்.

காசிமேட்டில் ஒருவர் யமஹா 8 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் எஞ்சினை 48,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். பழவேற்காடு ஏரியில் மட்டுமே ஓடியது, கடலுக்கே போகாதது என்பது அவர் சொல்லும் கதை. மேல்மூடிக்குப் புதிதாக வண்ணம் அடித்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது கயிற்றை இழுத்ததும் உடனே கிளம்பியது. அதே ஆளிடம் பழைய எவின்ரூட் 9.9 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றும் 18,000 ரூபாய்க்குக் கிடக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கண்டால் பேசாமல் திரும்பிவிட வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: காசிமேடு பட்டறை

தம்பி, எவின்ரூட்டை முதலில் தள்ளிவைத்துவிடலாம். அந்தப் பெயரில் அவுட்போர்டு செய்வதை 2020-இலேயே நிறுத்திவிட்டார்கள். பழைய மாடலுக்குக் கார்புரேட்டர் கிட் கிடைத்தாலும், கியர் உடைந்தால் இன்னொரு பழைய எஞ்சினைத் தேடிப்பிடித்துப் பிரித்துத்தான் போட வேண்டியிருக்கும். 18,000 ரூபாய் என்பது அதை வாங்கும் விலைதான். ஓட்டும் விலை வேறு.

யமஹா வேறு கதை. இந்த வகை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பல நாடுகளில் மீனவர்களிடம் ஏராளமாக ஓடுவதால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் உடனே கிளம்பியது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் நோயாளி எஞ்சினும் உடனே கிளம்பும். அடுத்த முறை சொல்லாமல் போய், மூடியைக் கழற்றி, சிலிண்டர் தலையைக் கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது சோக்கை இழுத்துக் கிளப்பச் சொல்லுங்கள்.

நான் பார்க்கும்போது கிளப்புவதற்கு முன்பே கியர் பெட்டிக்குப் போய்விடுவேன். ஓர் இரவு முழுவதும் அசையாமல் நின்ற எஞ்சினில் அடிப்பக்கத் திருகைச் சற்றே தளர்த்தினால், உள்ளே தண்ணீர் இருந்தால் எண்ணெயைவிடக் கனமான அதுதான் முதலில் சொட்டும். ஓட்டிய கொஞ்ச நேரத்தில் திறந்தால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வெளிறிய நிறத்தில் வழியும். எப்படி வந்தாலும் சீல் போய்விட்டது என்றுதான் பொருள். சீல் மட்டும் என்றால் பெரிய செலவில்லை. ஆனால் உப்புத் தண்ணீர் எத்தனை காலமாக உள்ளே நின்றது என்பது யாருக்கும் தெரியாது, பேரிங்கும் கியர்ப் பற்களும் எந்த நிலையில் இருக்கும் என்பதும் அதைப் பொறுத்தது. வடிந்த எண்ணெயை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் வயதுக்குத் தக்க தேய்மானம். கையில் குத்தும் துணுக்கு இருந்தால் அந்த எஞ்சினை விட்டுவிடுங்கள்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு. இரண்டு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து, கேஜ் வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். பிளக் கம்பிகளை அந்தரத்தில் விடாமல் எஞ்சின் உடலோடு தொடவைத்துவிட்டு இழுங்கள், இல்லையென்றால் மின்பொறிப் பகுதி கெட்டுப்போகும். எண் எவ்வளவு என்பதைக் காட்டிலும் இரண்டு சிலிண்டருக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு என்பதுதான் முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் ஒரு பக்கம் ரிங் ஒட்டியிருக்கும், அல்லது சூட்டில் சுவர் கீறியிருக்கும். இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால் பொதுவான தேய்மானம் என்று எடுத்துக்கொண்டு விலையைப் பேசலாம். கழற்றிய பிளக்குகளையும் பாருங்கள்: ஒன்று கறுத்து எண்ணெய் படிந்தும் மற்றொன்று கழுவியதுபோலப் பளிச்சென்றும் இருந்தால், அந்தப் பளிச்சென்ற சிலிண்டருக்குள் குளிர்விக்கும் தண்ணீர் கசிகிறது.

பின்பக்கத் துளையிலிருந்து வரும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது விசையோடு, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் வர வேண்டும். மெலிந்து வந்தால் 'இம்பெல்லர் (தண்ணீரை உள்ளே இழுக்கும் ரப்பர் சக்கரம்) மாற்றினால் போதும்' என்று விற்பவர் சொல்வார். பல நேரம் அது உண்மைதான்; எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல் கலந்த வண்டலில் ஓடும் எஞ்சினுக்கு அந்த ரப்பர் விரைவில் தேய்கிறது. ஆனால் புது இம்பெல்லர் போட்டும் மெலிந்தே வந்தால் உள்வழிகளில் உப்பு கட்டியிருக்கிறது. அதை எடுக்கத் தலையைக் கழற்றப் போனால், அலுமினியத்துக்குள் அரித்துப் பிடித்துக்கொண்ட போல்ட்டுகள் முறியும். அங்கிருந்துதான் செலவு எல்லை மீறுகிறது.

ஏரியில் மட்டுமே ஓடியது என்று அவர் சொல்வதற்குப் பெரிய மதிப்புக் கொடுக்காதீர்கள். பழவேற்காடு ஏரித் தண்ணீரும் உப்புதான். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, இந்த எஞ்சின் எப்போதாவது முழுவதும் மூழ்கியதா என்பது. அலையில் கவிழ்ந்த படகிலிருந்து எடுத்த எஞ்சினை அன்றே நல்ல தண்ணீரில் அலசி, எண்ணெய் விட்டு ஓட்டியிருந்தால் பிழைத்துக்கொள்ளும்; சில நாள் அப்படியே கிடந்திருந்தால் கிராங்க் பேரிங்குகளிலும் கனெக்டிங் ராடின் ஊசி பேரிங்குகளிலும் துரு ஏறியிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது படகும் வலையும் எந்தக் கோலத்தில் கிடந்தன என்பது உங்களுக்கே தெரியும். அந்தச் சேற்றில் கிடந்து பின்னர் வண்ணம் பூசப்பட்ட எஞ்சின்களும் சந்தையில் சுற்றுகின்றன. மேல்மூடிக்கு வண்ணம் அடித்ததில் தவறில்லை. மூடிக்கு உள்ளே, காந்தச் சக்கரத்தின் அடியிலும் கம்பி இணைப்புகளிலும் போல்ட் தலைகளிலும் வண்ணம் தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மறுமொழி: தூண்டில் வளைவு (திருவொற்றியூர்)

பட்டறைக்காரர் சொன்ன எல்லாம் சரி. ஆனால் எஞ்சின் நன்றாக இருந்தாலும் உங்கள் படகுக்கு அது பொருந்துமா என்ற கேள்வி நிற்கிறது, என் கருத்தில் பொருந்தாது. உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நீண்ட தண்டு டீசலுக்காகக் கட்டிய ஃபைபர் படகில் பின்பலகை பெரும்பாலும் அவுட்போர்டின் உந்துவிசையைத் தாங்கும் கனத்தில் இருக்காது. அதைக் கனப்படுத்தும் செலவை யாரும் முன்கூட்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பலகையின் உயரத்தையும் அளந்து பாருங்கள். அவுட்போர்டில் குட்டைத் தண்டு எஞ்சின் ஏறக்குறைய 15 அங்குல உயரத்துக்கும், நீளத் தண்டு எஞ்சின் 20 அங்குல உயரத்துக்கும் செய்யப்பட்டவை. குட்டைத் தண்டை உயரமான பலகையில் மாட்டினால் அலை தூக்கும்போதெல்லாம் புரொப்பெல்லர் காற்றைக் கடையும், எஞ்சின் சுமையில்லாமல் அலறும், தண்ணீர் உறிஞ்சும் வாயும் வெளியே வந்துவிடும். இந்தச் சின்ன அளவைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம். புரொப்பெல்லரும் அப்படித்தான்: இலேசான படகுக்கென்று வைத்திருந்ததை வலையும் ஐஸும் ஏற்றிய படகில் போட்டால் எஞ்சின் உரிய சுற்றை எட்டாமல் திணறிச் சூடாகும்.

பிறகு எரிபொருள். 8 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு நான்கு லிட்டர் அளவுக்குப் பெட்ரோல் குடிக்கும். அதே வேலைக்கு உங்கள் டீசல் எஞ்சின் சரியான நிலையில் இருந்தால் இரண்டு லிட்டரைச் சுற்றித்தான் கேட்கும். பதிவு செய்த நாட்டுப் படகுக்கு விற்பனை வரி விலக்கோடு டீசல் கிடைக்கிறது. பெட்ரோலை நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துப் பங்கில்தான் வாங்க வேண்டும், அதோடு லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய் வேறு கலக்க வேண்டும். தினமும் தொழிலுக்குப் போகும் படகுக்கு இந்த வித்தியாசம் ஓர் ஆண்டிலேயே எஞ்சின் விலையைத் தின்றுவிடும். வாரத்துக்கு ஒரு நாள் தூண்டில் போடுகிறவராக இருந்தால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன்.

மறுமொழி: காசிமேடு பட்டறை

எரிபொருள் கணக்கை மறுக்கவில்லை. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுத் தண்ணீர் இழுக்கும் நேரத்தில் சட்டென்று திருப்பவும், ஆழமில்லாத இடத்தில் தூக்கிவிடவும் அவுட்போர்டு எளிது என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

பெட்ரோல் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய எஞ்சினின் ரப்பர் குழாய்களும், பெட்ரோல் பம்பின் சவ்வும், கார்புரேட்டர் வாஷர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஊதிப்போய்ப் பிசுபிசுக்கும். அதைவிட மோசமானது ஈரம். கடற்காற்றில் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெட்ரோலிலிருந்து பிரிந்து கேனின் அடியில் தங்கும். அந்த அடுக்கில் நாம் கலந்த எண்ணெய் ஏறக்குறைய இருக்காது. உறிஞ்சும் குழாய் அடியில்தான் இருப்பதால் எஞ்சின் முதலில் குடிப்பது அதைத்தான், பிஸ்டன் கீறுவதும் அப்போதுதான். எனவே கலந்த பெட்ரோலை நாள்கணக்கில் வைத்திருக்கக் கூடாது, குழாய்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிட வேண்டும். எண்ணெயும் மோட்டார் சைக்கிளுக்கானதை ஊற்றாமல், தண்ணீரில் குளிரும் படகு எஞ்சினுக்கென்றே வரும் டிசி-டபிள்யூ3 தரத்தில் வாங்குங்கள்.

கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள். மண்ணெண்ணெய்க்கென்றே செய்த எஞ்சின்களில் கம்ப்ரஷன் குறைவாக வைத்திருப்பார்கள். பெட்ரோல் எஞ்சினில் மலிவுக்காக அதைக் கலந்து ஓட்டியிருந்தால் கரி ஏறி ரிங் ஒட்டியிருக்கும்.

மறுமொழி: வலைக்கணக்கு

எங்கள் வீட்டுப் படகுகளின் கணக்கை எழுதுகிறவள் என்ற முறையில் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எஞ்சினைப் பலகையில் மாட்டும் பிடிப்பின் மீது மாடலும் சீரியல் எண்ணும் பொறித்த தகடு இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம். திருட்டு எஞ்சின் என்று தெரியவந்தால் போவது பணம் மட்டுமல்ல, காவல் நிலையத்துக்கும் அலைய நேரும். முதல் உரிமையாளர் வாங்கிய ரசீதைக் கேளுங்கள். மீன்வளத் துறை மானியத்தில் பெற்ற எஞ்சினா என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். மானியப் பொருளை விற்பதற்கு நிபந்தனை இருக்கலாம், பிறகு சிக்கல் வாங்கியவருக்கும்தான். உங்கள் படகுப் பதிவில் எஞ்சின் விவரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். டீசலிலிருந்து பெட்ரோலுக்கு மாறினால் வரி விலக்கு டீசல் என்னவாகும் என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகு முடிவெடுங்கள்.

புது எஞ்சினுக்கே மானியத் திட்டம் இருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். காத்திருக்க வேண்டியிருக்கும், உண்மைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் நாட்டுப் படகு மீனுக்கு விலை கிடைக்கும் என்பதால், மார்ச் மாதத்தில் பழைய எஞ்சின் விற்பவர்கள் இறங்கி வரமாட்டார்கள். அவசரம் இல்லையென்றால் அந்த நேரத்தில் பேரம் பேசாதீர்கள்.

முகத்துவாரம்

அனைவருக்கும் நன்றி. பலகையை அளந்தேன், 19 அங்குலம் இருக்கிறது. அவரிடம் இருப்பது குட்டைத் தண்டு என்று தெரிகிறது. கியர் எண்ணெயைத் திறந்து காட்டச் சம்மதிக்கிறார். படகில் மாட்டி ஓட்டிக் காட்டுவது மட்டும் முடியாது, டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிக் காட்டுகிறேன் என்கிறார். முன்பணமாக 10,000 ரூபாய் கேட்கிறார். பலகையை வெட்டி இறக்கிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார்.

மறுமொழி: காசிமேடு பட்டறை

பலகையை வெட்டாதீர்கள். நான்கு அங்குலம் இறக்கினால் பின்னாலிருந்து வரும் அலை நேராக உள்ளே ஏறும்.

டிரம்மில் ஓட்டினால் தண்ணீர் வருகிறதா, மெதுவான சுற்றில் அணையாமல் நிற்கிறதா என்பது மட்டும் தெரியும். முன்கியர் சுமையில் தாவுகிறதா, புரொப்பெல்லரின் நடு ரப்பர் வழுக்குகிறதா என்பதெல்லாம் படகைத் தள்ளும்போதுதான் வெளிப்படும். கியர் தாவும் எஞ்சினை விற்பவர்கள் டிரம்மோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் புதிதல்ல. இவரும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 48,000 ரூபாய் கேட்கிறவர் காசிமேட்டிலேயே ஒரு படகில் மாட்டிக் கால் மணி நேரம் ஓட்டிக் காட்ட முடியாது என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

குட்டைத் தண்டு என்பது உறுதியானால் இந்தப் படகுக்கு இந்த எஞ்சின் வேண்டாம், முன்பணமும் வேண்டாம். டீசல் எஞ்சினைப் பட்டறைக்குக் கொண்டுவரும்போது இன்ஜெக்டரையும் ஏர் ஃபில்டரையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கரும்புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் பல நேரங்களில் முழுவதும் பிரிக்கும் அளவுக்குப் போக வேண்டியிருக்காது.